புத்தகம் இல்லாத இரண்டு மாதங்கள்



சட்டமன்றம் சட்டம் இயற்றுகிறது. நிர்வாகம் அதனைச் செயல்படுத்துகிறது. நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறுகிறது. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடம் இது. தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறார்கள். ஆனால் இம்மூன்றுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு நம் வீட்டு வாசல் வரை வரக்கூடியது என்பதை 2011ஆம் ஆண்டு தமிழகத்துப் பெற்றோர்கள் நேரில் கண்டார்கள்.

அவ்வாண்டு ஜூன் முதல் நாள் திறக்க வேண்டிய பள்ளிகள் ஜூன் 15இல்தான் திறந்தன. திறந்த பின்னும் பெரும்பாலான வகுப்புகளுக்குப் புத்தகம் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டை முதல் குமரி வரை, பிள்ளைகள் எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதே தெரியாத நிலை.

நடந்தது என்ன? மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த பள்ளிக் கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை ஒன்றாக்க, 2010இல் தி.மு.க. ஆட்சியில் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே 1, 6ஆம் வகுப்புகளில் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த கல்வியாண்டு எனக் குறிக்கப்பட்டது. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய பாடநூல்கள் தரமானவை அல்ல என்று கூறிய அ.தி.மு.க. அரசு, ஜூன் மாதம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. பொதுப் பாடத்திட்டம் எந்த ஆண்டு வரும் என்பதை அரசு பின்னர் அறிவிக்கும் என்பதே அதன் சாரம். நாள் குறிக்கப்படவில்லை.

சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றவர்களுக்குச் சட்டத்தைத் திருத்தும் உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையே செல்லாததாக்கும் உரிமை உண்டா? சுவர்த் தகராறில் வழக்காடிய இருவருள் தோற்றவர், "அந்தத் தீர்ப்பு செல்லாது" என்று தாமே எழுதிக்கொள்ள முடியுமானால், வென்றவருக்கு நீதிமன்றத்தால் என்ன பயன்?

ஜூலை 18இல் உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பத்து நாட்களுக்குள் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. நேரடியாகச் செய்யக் கூடாததைத் திருத்தம் என்ற பெயரில் மறைமுகமாகச் செய்யலாகாது. ஆட்சி மாறினாலும் அரசு என்பது தொடர்ந்து இருப்பது என்பவையே தீர்ப்பின் அடிப்படை. புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தன.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இந்த எல்லை நீதிமன்றத்துக்கும் உண்டு. நீதிபதிகள் பாடநூல் எழுத உட்காரவில்லை. சட்டத்தை இயற்றியது சட்டமன்றம். புத்தகத்தை வழங்கியது நிர்வாகம். சட்டத்தில் குறை இருந்தால் அதனை நீக்கிப் புதிதாகச் சட்டம் செய்யும் வழி சட்டமன்றத்துக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. தீர்ப்பைத் துடைத்தெறியும் வழி மட்டுமே மூடப்பட்டது.

அந்தச் சட்டத்தை ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. நமக்குப் பிடித்த கட்சி எது என்பதல்ல இங்கே கேள்வி. இன்று நாம் விரும்பும் அரசு எல்லை தாண்டினால் கைதட்டுகிறோம். நாளை நாம் விரும்பாத அரசும் அதே வழியில்தான் வரும். தேர்தல் கணக்கில் எண்ணிக்கை குறைந்தவர்களுக்கும், சிபாரிசுக்கு ஆளில்லாத ஏழைக்கும் அந்த எல்லைக்கோடுதான் அரண்.

இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளையின் குடிமையியல் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கவேண்டிய பாடமன்று அது என்பதையும் எடுத்துக் கூறுங்கள்.