பெயரில்லா மாத்திரை யாருக்காக?

“பாமர மக்களுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, கண்ட மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள், முதலில் அவர்களுக்குப் போதனை செய்ய வேண்டும்!” மேடைதோறும் இந்த உபதேசத்தைக் கேட்கிறோம். போதனை வேண்டியதுதான். ஆனால் அட்டையும் பெயரும் இல்லாத மாத்திரையைக் கையில் திணித்தால், தொழிலாளி எதைப் படிப்பது?

இது கற்பனையல்ல. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்றதும் ஆலையிலேயே மாத்திரை கொடுத்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். கொடுத்தவர்களில் டாக்டரோ நர்ஸோ அபூர்வம். மாத்திரையில் பெயரில்லை, காலாவதித் தேதியில்லை. சோதித்ததில், அது ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்து என்று தெரிந்தது.

“பல நாடுகளில் டாக்டர் சீட்டில்லாமலே விற்கும் மருந்துதானே, என்ன கேடு?” என்பார்கள் ஆலை நிர்வாகிகள். கேடு உண்டு! வயிற்றுப்புண் உள்ளவருக்கு ரத்தக்கசிவு உண்டாக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முற்ற வைக்கும். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையில் தின்றது இன்னதென்று அறியாத பெண், மாலையில் தலைவலிக்குக் கடையில் அதே மருந்தை வேறு பெயரில் வாங்கித் தின்பாள். இரட்டை அளவு உள்ளே போகும். இது அவளுடைய அறியாமையா, அவள்மீது சுமத்தப்பட்ட அறியாமையா?

காரணம் வெட்டவெளிச்சம். ஒரு பெண் ஒரு மணி நேரம் படுத்தால் அத்தனை சட்டை குறையும். ஓய்வைவிட மாத்திரை மலிவு! 500 பேருக்கு மேற்பட்ட ஆலையில் சிகிச்சை அறையும் மருத்துவ ஊழியரும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான் இத்தனையும் நடந்தது.

சகோதரிகளே! பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி வைத்த பெயரையல்ல, மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் தேதியையும் பாருங்கள். வெறும் வயிற்றில் தின்னாதீர்கள். வேறு மாத்திரை தின்றிருந்தால் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வலி மாதாமாதம் வாட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒருத்தி மட்டும் கேட்டால் மேஸ்திரி அதட்டுவான். ஷிப்டு முழுவதும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். அட்டையில் தமிழ் எழுத்து வேண்டும்! ஆலையில் நர்ஸ் வேண்டும்! வலிக்கிற நாளில் கூலி வெட்டாத ஓய்வு வேண்டும்! இவற்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் போதனை செய்யட்டும், கேட்கத் தயார்.