அடைக்கலப் பணம்

மாதம் பிறந்தால் குடும்பஸ்தர்களுக்குக் கவலை பிறந்துவிடும். பால்காரருக்கு இவ்வளவு, மளிகைக் கடைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று சம்பளப் பணம் பங்கு பிரிந்து போய்விடுகிறது. தொழில் நடத்தும் முதலாளிகளுக்கும் இப்படி ஒரு தேதி உண்டு. அது 15-ஆம் தேதி. சென்ற மாதச் சம்பளத்துக்குரிய பிராவிடண்டு நிதியை இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். முன்பு இதற்கு மேல் ஐந்து நாள் சலுகை இருந்தது. 2016-ஆம் ஆண்டில் அந்தச் சலுகையும் மறைந்தது.

"பி.எப்." என்று ஜனங்கள் செல்லமாக அழைக்கும் இந்த நிதியைப் பற்றி எழுத வேண்டுமானால் பாலாற்றுச் சீமையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு இல்லை. ராணிப்பேட்டை, வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவதும் ஜோடு தைப்பதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்கள். ஆம்பூர் என்றதும் நமக்குப் பிரியாணி ஞாபகம் வருகிறது. அயல்நாட்டு வியாபாரிகளுக்கோ தோலும் ஜோடுந்தான் ஞாபகம் வரும். அங்குள்ள ஷூ கம்பெனிகளில் தையல் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். கண் பார்வையும் விரல் சுறுசுறுப்பும் உள்ளவரையில்தான் அந்த வேலை. பிறகு?

இந்தப் "பிறகு?" என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 1952-ஆம் வருஷத்தில் பிராவிடண்டு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் சிமெண்டு, சிகரெட், எஞ்சினீரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டும் அது பொருந்தியது. அப்புறம் படிப்படியாகப் பரவிற்று. ஐம்பது தொழிலாளர் இருந்தால்தான் சட்டம் என்பது மாறி, 1960-இல் இருபது பேர் என்றாயிற்று.

கணக்கு மிகவும் எளிது. பஞ்சப்படியும் சேர்த்து ஒரு பெண்ணின் சம்பளம் மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு 12 வீதம் 1,200 ரூபாயைக் கம்பெனி பிடித்துக்கொள்கிறது. அதே அளவு இன்னொரு 1,200 ரூபாயைத் தன் கையிலிருந்து போட வேண்டும். கம்பெனி போடுவதில் 833 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், 367 ரூபாய் நிதிக் கணக்குக்கும் போகிறது. காப்புறுதிக்கும் நிர்வாகச் செலவுக்கும் நூற்றுக்கு ஒன்று வீதம் முதலாளியே தனியாகக் கட்டுகிறார். முதலாளியின் பங்கைச் சுற்றி வளைத்துத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிப்பது சட்டப்படி குற்றம்.

இனி, தவறு எங்கே நேர்கிறது என்று பார்ப்போம். நூறு பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை. மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 2,40,000 ரூபாய் கட்ட வேண்டும். அயல்நாட்டு வியாபாரியிடமிருந்து வரவேண்டிய தொகை வந்து சேரவில்லை. பச்சைத்தோல் வியாபாரி வாசலில் நிற்கிறார். ரசாயனச் சரக்குக்குப் பணம் வேண்டும். கைப்பெட்டியிலோ இந்த 2,40,000 ரூபாய் இருக்கிறது. "ஒரு மாதம் பொறுத்துக் கட்டினால் என்ன?" என்று மனம் சொல்கிறது. மனம் இப்படிச் சொல்வதற்கு முதலாளி அயோக்கியராக இருக்கவேண்டும் என்பதில்லை. நெருக்கடியில் இருந்தாலே போதும்.

ஆனால் அந்தப் பணம் யாருடையது? அதில் பாதி, தொழிலாளி உழைத்துச் சம்பாதித்து, அவள் கைக்கு வருமுன் நிறுத்தி வைக்கப்பட்ட கூலி. பாக்கி வைத்த கடன் என்றால் கடன்காரனுக்குக் கடன் கொடுத்தது தெரியும். இதிலோ கடன் கொடுத்தவளுக்கே தான் கடன் கொடுத்த விஷயம் தெரியாது! ஆகவேதான் சட்டம் இதைச் சாதாரணக் கடனாகப் பாவிக்கவில்லை. சம்பளத்தில் பிடித்த தொகையைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், ஒப்படைத்த பொருளைக் கையாடிய நம்பிக்கை மோசடியாகவே அது கருதப்படும் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு விளக்கியது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 316-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் வட்டியையும் அதற்குமேல் நஷ்ட ஈட்டையும் 1952-ஆம் வருஷச் சட்டமே விதித்தது.

பணம் படைத்தவர்கள் தங்களைச் சமூகத்தின் தர்மகர்த்தாக்களாகக் கருதவேண்டும் என்று காந்திஜி சொன்னார். அது நடக்கக்கூடிய காரியமா என்று பலர் வாதாடியதுண்டு. பிராவிடண்டு நிதி விஷயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. இங்கே முதலாளி தர்மகர்த்தாவாக இருப்பது அவருடைய பெருந்தன்மையைப் பொறுத்ததல்ல. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் பெருமக்கள் "அமானத்" என்னும் சொல்லின் கனத்தை நன்கு அறிவார்கள். நம்பி ஒப்படைத்த பொருளைத் தொடாமல் திருப்பித் தரவேண்டும் என்பதே அதன் பொருள்.

நேரே கட்டாமலிருப்பது ஒரு வழி. கட்டுவதைக் குறைக்கக் குறுக்கு வழிகளும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, மற்றதையெல்லாம் "அலவன்ஸ்" என்று எழுதுவது ஒன்று. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் அலவன்ஸும் கணக்கில் சேர்ந்ததே என்று 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளில் ஒன்று பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது என்பதைப் பள்ளி நடத்தும் நேயர்கள் கவனிப்பார்களாக! "அவர்கள் கான்டிராக்டர் ஆட்கள்" என்று கையை விரிப்பது இன்னொன்று. கான்டிராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே பொறுப்பாளி.

மூன்றாவது வழி ஆம்பூர்ச் சீமைக்கு மிகவும் நெருங்கியது. அங்கே ஜோட்டின் மேல்தோலை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வருகைப் பதிவும் இல்லை, பி.எப். எண்ணும் இல்லை. இவர்கள் தொழிலாளர்தானா? மகாராஷ்டிரத்தில் கோதாவரி கார்மெண்ட்ஸ் என்னும் ஸ்தாபனம் வெட்டிய துணியைக் கொடுக்க, பெண்கள் வீட்டில் சொந்த இயந்திரத்தில் தைத்துத் தந்தார்கள். அவர்களும் சட்டப்படி தொழிலாளரே என்று 2019 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கூறியது. பீடி சுற்றும் வீட்டுத் தொழிலாளருக்கு இந்த நியாயம் 1985-ஆம் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. துணிக்கும் பீடிக்கும் உள்ள நியாயம் தோலுக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

"போட்டி கடுமை. ஐரோப்பாக்காரன் விலையை ஏற்ற மறுக்கிறான். எல்லாச் சட்டத்தையும் அனுசரித்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்று முதலாளிகள் சொல்வது நம் காதில் விழாமலில்லை. இதே வாதம் பாலாற்றைப் பற்றியும் எழுந்தது. தோல் கழிவால் ஆறு கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி, கெடுத்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆறு கெடுவதைப் போலவே தொழிலாளியின் மூப்பும் ஜோட்டின் விலைச் சீட்டில் தெரியாத ஒரு செலவு. அதை விலையில் சேர்க்காவிட்டால் செலவு மறைந்துவிடாது; அவளுடைய மகன் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரும். ஒழுங்காகக் கட்டுகிற முதலாளிகளும் அதே ஊரில் இருக்கிறார்கள். கட்டாதவர் மலிவாக விற்கும்போது முதலில் நஷ்டமடைகிறவர் அந்த யோக்கியர்தான்.

விட்டுப்போன ஒரு மாதம் அற்ப விஷயமல்ல. ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலும் விதவைக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அந்த ஒரு மாதந்தான் ஒரு குடும்பத்துக்கு வாழ்வும் தாழ்வும்.

2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வரத் தொடங்கியது. சட்டத்தின் பெயர் மாறலாம். இருவரும் சேர்ந்து கட்டவேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. நம் வீடுகளில் யாராவது ஒருவர் சம்பளம் வாங்குகிறார். சில வீடுகளில் சம்பளம் கொடுக்கிறவரும் இருக்கிறார். வாங்குகிறவர் தமது கணக்குப் புத்தகத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மாதந்தோறும் வரவு ஏறியிருக்கிறதா, வாரிசு பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் பார்த்துச் சொல்லட்டும். ஏறவில்லையென்றால் முறையிட வேலூரிலேயே பிராவிடண்டு நிதி அலுவலகம் இருக்கிறது. கொடுக்கிறவருக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றுதான்: 15-ஆம் தேதிக்கு முன்பு பெட்டியைத் திறக்கும்போது, அதிலுள்ள பணத்தில் எது தம்முடையது, எது பிறருடையது என்று முதலில் பிரித்து வைத்துவிடுங்கள். பச்சைத்தோல் வியாபாரிக்குப் பதில் சொல்வது அப்புறம் ஆகட்டும்.