யு6: ஓர் எலும்பு சொல்லாத கதை

ருமேனியாவின் முயெரி குகையில் கிடைத்த, ஏறத்தாழ 35,000 ஆண்டுப் பழமையான பெண்ணின் எலும்பில் யு6 என்னும் தாய்வழி மரபு இருந்தது. ஆகவே அம்மரபு மிகுந்த வட ஆப்பிரிக்கப் பழங்குடிகளான பெர்பர்கள் ஐரோப்பியரின் வாரிசுகள் என்கிறார்கள் சிலர். முன்பாதி உண்மை, பின்பாதி அவசர முடிவு.

அப்பெண்ணிடம் இருந்தது யு6-இன் அடிநிலை வடிவம். மேற்காசியாவில் தோன்றிய ஒரு மரபின் கிளைகள் ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் தனித்தனியே போயிருந்தாலே இதற்கு விளக்கம் கிடைத்துவிடும். பெர்பர்களிடம் உள்ள உட்கிளைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்ணில் கிளைத்தவை.

சான்று வேண்டுமா? மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட எழுவரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளியானது. அறுவரிடம் யு6-இன் கிளையான யு6ஏ, ஒருவரிடம் எம்1பி என்னும் வேறொரு தாய்வழி மரபு. முழு மரபணுத் தொகுதியில் மேற்காசியக் கலப்பும் சகாராவுக்குத் தெற்கிலான கலப்பும் தெரிந்தன. ஐரோப்பியக் கலப்புக்குத் தடயமே இல்லை. ஐபீரியத் தொடர்புள்ள எச்1 போன்ற மரபுகள் பெர்பர்களிடம் உண்டு. அவை பிற்கால வரவு.

இன்னொன்று: பத்துத் தலைமுறை பின்னே சென்றால் முன்னோர் இடங்கள் 1,024. யு6 போன்ற தாய்வழி மரபுகளைச் சுமக்கும் மைட்டோகாண்ட்ரியா அவற்றில் ஒருத்தியை மட்டுமே காட்டும். அந்த ஒருத்தியை வைத்து ஓர் இனத்துக்கே பூர்வீகம் எழுதுவது அறிவியல் அல்ல, ஆசை.