குரல் யாருடையது என்று கேட்காத ரசிகர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இரண்டு வாரமாக எங்கட ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலில் இப்போதைய சினிமாப் பாட்டொன்றை யாரோ ஏஐயில் பாட வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் ஐம்பது வயதுக் காக்காமார்: "எங்கட கசட் காலம் எங்க, இந்தக் கூத்து எங்க?" மற்றப் பக்கம் இருபது வயதுத் தம்பிமார்: "டெக்னோலொஜி வளந்துட்டு காக்கா, நீங்க இன்னும் ரேடியோவுக்குள்ளேயே இரிக்கிங்க." இதற்கு நடுவில் எஸ்.பி.பி.யின் குரலில் அனிருத் பாட்டு, பழைய படங்களை 4கேயில் பார்ப்பதா, படத்தின் முடிவை ஏஐயால் மாற்றினால் என்ன என்று விவாதம் எங்கெங்கோ போய்விட்டது.

இரண்டு பக்கமும் பிழை என்பதுதான் என் கருத்து. பழசா புதுசா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. இந்தக் குரல் யாருடையது, யார் செய்தது, யாரிடம் கேட்டுச் செய்தது, மூலப்பிரதி எங்கே? இந்த நான்கையும் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் ஒன்று. இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவுக்கு நான் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். தரம் 10 வரலாற்றுப் பாடம் தொடங்குவதே மூலாதாரங்களில்தான். ஒரு கல்வெட்டை எடுத்தால் யார் வெட்டியது, எப்போது வெட்டியது, பிறகு யாராவது கை வைத்தார்களா என்று பார்க்கப் பழக்குகிறோம். அதே பிள்ளை வகுப்பை விட்டு வெளியே போனதும் ஒரு செத்த மனிதனின் பொய்க் குரலை ஐந்து குழுவுக்கு அனுப்புகிறது. ஆகவே இது என் பாடத்துக்குள் வருகிற விஷயம்தான்.

காக்காமாருக்கு முதலில் சொல்கிறேன்.

நீங்கள் கொண்டாடுகிற கசட்டும் ஒரு காலத்தில் புதுத் தொழில்நுட்பம்தான். பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகம் செய்தது 1963இல். பழைய ரெக்கோடிங் பார்களை மறந்துவிட்டீர்களா? ஒற்றையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட வெற்றுக் கசட்டில் பதிந்து வாங்கினீர்களே, எந்தப் பாடகனிடம் அனுமதி கேட்டீர்கள்? எந்த இசையமைப்பாளருக்குக் காசு போனது? அந்தக் காலம் சுத்தமான காலம் என்று தம்பிமாருக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி. பொற்காலம், பொற்காலம் என்று எழுதுகிறீர்கள். அந்தக் கசட்டுகள் இப்போது எங்கே? முக்கால்வாசிப் பேரின் பதில் எனக்குத் தெரியும். வீடு வெள்ளையடிக்கும்போது எறிந்தாச்சு. அல்லது பழைய பெட்டியில், மேல் தட்டில், பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. கசட் நாடா என்பது பிளாஸ்டிக்கின் மேல் பூசிய காந்தத்தூள். எங்கட கடற்கரை ஈரக்காற்றில் அது தானாக அழியும். நீங்கள் நினைவை வைத்திருக்கிறீர்கள், பொருளை வைத்திருக்கவில்லை. நினைவு உங்களோடு போய்விடும்.

இனித் தம்பிமாருக்கு.

"ஏ.ஆர். ரஹ்மானே செய்தார்தானே" என்பது உங்கள் பெரிய ஆயுதம். செய்தார். 2024இல் வந்த லால் சலாம் படத்தில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏஐ மூலம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஆனால் என்ன சொன்னார் என்றும் பாருங்கள். இருவரின் குடும்பத்திடமும் அனுமதி பெற்றோம், அதற்கான பணமும் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்டார், கொடுத்தார், சொன்னார். நம் குழுவில் சுற்றும் ஒலிப்பதிவில் இந்த மூன்றில் எது இருக்கிறது?

அதே காலத்தில் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலைக் குடும்பத்திடம் கேட்காமலே ஏஐயில் செய்து போட்டார்கள் என்று அவருடைய மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் ஒன்றுதான். ஒன்றில் குடும்பத்தின் சம்மதம் இருந்தது. மற்றதில் நோட்டீஸ் வந்தது. ஆகவே "டெக்னோலொஜியை நிறுத்த ஏலாது" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. நிறுத்தச் சொல்லி யார் கேட்டது? கேட்டுச் செய் என்றுதான் சொல்கிறோம்.

அடுத்தது படத்தின் முடிவை மாற்றுவது. தனுஷ் நடித்து 2013இல் வந்த ஹிந்திப் படம் ராஞ்சனா. தமிழில் அம்பிகாபதி. கடைசியில் கதாநாயகன் இறந்துவிடுவான். 2025 ஓகஸ்ட் முதலாம் திகதி அந்தத் தமிழ்ப் படத்தை மீண்டும் வெளியிட்டபோது, ஏஐ மூலம் அவனை உயிர்பிழைக்க வைத்தது படத்தின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். தனுஷும் எதிர்த்தார். இது மாற்று முடிவு மட்டும்தான், மூலப்படத்தை நாங்கள் நீக்கவில்லை என்பது நிறுவனத்தின் பதில். நம் குழுவில் சிலருக்குச் சந்தோசம், "ஹீரோ சாகல்ல" என்று. ஒரு படத்தின் முடிவை உருவாக்கியவனும் நடித்தவனும் வேண்டாம் என்று சொல்லும்போது, கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவன் மாற்றலாம் என்றால், நாளைக்கு அதே கை மூலப்பிரதியையும் எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்களிடம் பிரதி இருக்கிறதா? இல்லை. எல்லாம் மாதச் சந்தாவில்தான் பார்க்கிறீர்கள். அவர்கள் நினைத்தால் இருக்கும், நினைத்தால் இருக்காது.

இது கற்பனைப் பயமில்லை. அமெரிக்காவின் ஸ்டார் வார்ஸ் படம் 1977இல் வந்தது. அதன் இயக்குநர் ஜோர்ஜ் லூகாஸ், பழைய படங்களை உரிமையாளர்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 1988இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னால் போய்ப் பேசினார். அதே லூகாஸ் 1997இல் தன்னுடைய படத்தின் காட்சிகளைத் தானே மாற்றினார். அதற்குப் பிறகு பழைய வடிவத்தை நல்ல தரத்தில் முறைப்படி வாங்குவதே கடினமாகிவிட்டது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? ரசிகர்கள் பழைய திரையரங்குப் படச்சுருள்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, 1977இல் மக்கள் பார்த்த படத்தைத் தாங்களே மீட்டெடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய உதாரணம் பிரிட்டனில். பிபிசியின் டொக்டர் ஹூ தொடரின் 1960களின் அத்தியாயங்கள் பலவற்றை, நாடாவை மறுபடி பாவிக்கலாம் என்றும் இனித் தேவைப்படாது என்றும் பிபிசியே அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் இல்லாமல் போனது. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? ஒளிபரப்பான நேரத்தில் வீட்டில் ரி.வி.க்கு முன்னால் ரேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்த பிள்ளைகளால். பிபிசி எறிந்ததை அவர்கள் வைத்திருந்தார்கள். ரசிகன் என்றால் அவன்தான் ரசிகன். நாம் ரசிகன் என்று சொல்லிக்கொண்டு கொமெண்டில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அவ்வளவு பெரிய பிபிசியே எறிந்துவிட்டது என்றால், எங்கட குரல்களை யார் வைத்திருக்கிறார்கள்? ஊர்ப் புலவர்கள் கலியாண வீடுகளில் படித்த பாட்டு, பக்கீர்மார் றபான் அடித்துப் படித்த பைத், மூத்தம்மாவின் தாலாட்டு, மௌத்தாகிப்போன ஆலிம்களின் பயான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் போன உம்மாமார், எழுதத் தெரியாததால் கசட்டில் பேசி அனுப்பினார்களே, அந்தக் கசட்டுகள். இவை எந்த ஸ்பொட்டிபையிலும் இல்லை, யூடியூப்பிலும் இல்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கட மக்கள் இப்படியானவற்றை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் எத்தனை வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோனது! மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் மேல் தட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாம் அனிருத் பாட்டை யாருடைய குரலில் கேட்டால் நல்லம் என்று சண்டை பிடிக்கிறோம்.

"பகிடிக்குத்தானே சேர், இதை ஏன் பெரிசாக்குறீங்க" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்கிறேன்.

நாம் எந்த உம்மத் என்பதை யோசியுங்கள். ஒரு ஹதீஸை ஏற்றுக்கொள்வதற்கு முன், இதை யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, ஞாபகசக்தி எப்படி, பொய் சொல்லக்கூடியவரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக ஆராய்ந்த இமாம்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூறத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. இலங்கை வானொலியில்கூட ஒரு ஒழுங்கு இருந்தது. பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டைப் போட்டால் படம் எது, பாடியவர் யார், இசை யார் என்று சொல்வார்கள். சினிமாப் பாட்டுக்கே அந்த மரியாதை இருந்தது. இன்று நம் குழுவில் வருகிற ஒலிப்பதிவின் தலையில் இருப்பது ஒன்றுதான்: பலமுறை அனுப்பப்பட்டது.

இன்று ஹனிபாவின் குரலில் சினிமாப் பாட்டு. நாளைக்கு மௌத்தாகிப்போன ஒரு ஹஸ்ரத்தின் குரலில், அவர் சொல்லாத பத்வா. அதற்கு அடுத்த நாள் ஒரு பள்ளிவாசல் தலைவரின் குரலில், பக்கத்து ஊரைப் பற்றி அவர் பேசாத பேச்சு. செய்வதற்கு ஒரே மென்பொருள், ஒரே பத்து நிமிடம்.

2018 பெப்ரவரியை மறந்துவிட்டோமா? அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டீர்களா என்று கூட்டமாக நின்று கேட்டு, சிங்களம் சரியாக விளங்காத காசாளர் பயத்தில் "ஓம்" என்று சொன்ன வீடியோதான் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு சொல்லும்போது நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அடுத்த வாரமே திகன எரிந்தது. அன்றைக்கு ஏஐ தேவைப்படவில்லை. பயந்த மனிதனின் ஒரு சொல் போதுமாக இருந்தது. இன்றைக்கு அந்த மனிதனும் தேவையில்லை. பகிடி, பகிடி என்று பொய்க் குரலுக்குக் காதைப் பழக்கிய ஊரில், அப்படியொரு குரல் வரும் நாளில் யார் நின்று நிதானமாக விசாரிப்பார்கள்?

ஏசிவிட்டு மட்டும் போக எனக்கு விருப்பமில்லை. செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று. ஏஐயில் செய்ததை அனுப்புவதென்றால், "இது ஏஐ, செய்தவர் இன்னார்" என்று மேலே எழுதுங்கள். எழுதாமல் வந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குழு அட்மின்மார் இதை ஒரு விதியாகப் போட்டால் பாதிப் பிரச்சினை முடியும்.

இரண்டு. மேல் தட்டைத் திறவுங்கள். சினிமாக் கசட் இருந்தால் இருக்கட்டும், அதை உலகம் வைத்திருக்கும். கையால் பெயர் எழுதிய கசட்டைத் தேடுங்கள். ஓடக்கூடிய ஒரு பிளேயர், அதன் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், இலவச மென்பொருள் ஒன்று, இவ்வளவும் போதும். அறுபது நிமிடக் கசட்டுக்கு அறுபது நிமிடம் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. பூஞ்சணம் பிடித்ததை நேரே போட்டு ஓட்ட வேண்டாம், நாடாவும் போகும், பிளேயரும் போகும். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். யார் பேசியது, எந்த வருடம், எந்த ஊர், யார் வீட்டுக் கசட் என்று எழுதி வையுங்கள். குடும்பம் சம்மதித்தால் மட்டும் பிறருக்குக் கொடுங்கள்.

மூன்று. காக்காமாரிடம் கசட் இருக்கிறது, வயர் எங்கே குத்துவது என்று தெரியாது. தம்பிமாருக்கு வயர் தெரியும், கசட்டில் பேசுவது யார் என்று தெரியாது. உங்கள் சண்டையை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒன்றாக உட்காருங்கள். பிளேயர் ஒன்று நான் தருகிறேன். என்னுடைய வகுப்புப் பிள்ளைகளையும் எழுதுவதற்குக் கூட்டி வருகிறேன்.

ஊர்ப் புலவர் ஒருவரின் பேரன் நேற்று என்னிடம், "எங்கட அப்பாட குரலையும் ஏஐயில எடுக்கலாமா சேர்?" என்று கேட்டான். எடுக்கலாம் மகன், ஆனால் அதற்கும் முதலில் அவருடைய உண்மையான குரல் எங்கேயாவது இருக்க வேண்டும். அதைத் தேடு. கிடைத்துவிட்டால் ஏஐ உனக்கு என்னத்துக்கு?

கசட் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். ஏச விரும்புகிறவர்களும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.