மாத்திரையைக் கொடுத்த கை

ஊக்க மருந்து என்று பேச்சு வந்தால் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பென் ஜான்சன்தான். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, மூன்றே நாளில் பதக்கத்தைப் பறிகொடுத்தவர். ஏமாத்தினான், மாட்டினான், கதை முடிஞ்சது. பெரும் பத்திரிகைகள் நமக்குப் பழக்கியிருப்பது இந்தக் கதையைத்தான். மருந்தை யார் தயாரித்தது, யார் கையில் கொடுத்தது, ஜெயித்தால் பெருமை யாருக்குப் போகிறது என்ற கேள்விகளை அந்தக் கதை கேட்பதேயில்லை. கேட்டுப் பார்க்க விரும்பும் தோழர்கள் கிழக்கு ஜெர்மனியின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இரண்டு கோடிப் பேர்கூட இல்லாத நாடு அது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 40 தங்கம் வாங்கியது. அமெரிக்காவுக்கே 34தான். பெண்கள் நீச்சலில் 13 போட்டிகளில் 11இல் தங்கம். நாலு வருசம் முன்னால் மியூனிக்கில் இதே பெண்கள் நீச்சலில் ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. இந்தப் பெண்களின் குரல் ஏன் இப்படித் தடிச்சிருக்கு என்று மான்ட்ரியலில் கேட்டவர்களுக்கு, ‘அவங்க நீந்த வந்திருக்காங்க, பாட வரல’ என்று பதில் சொல்லப்பட்டதாம்.

அந்தக் குரலுக்குக் காரணம் ஓர் அரசுத் திட்டம். 1974இல் ரகசியமாக முடிவெடுக்கப்பட்ட அதன் பெயர் ‘அரசுத் திட்டம் 14.25’. மருந்தின் பெயர் ஓரல் டூரினபால். ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்த ஸ்டீராய்டு. தயாரித்தது ஜெனாபார்ம் என்ற அரசு நிறுவனம். விளையாட்டுப் பள்ளிகளில் தங்கியிருந்த பதிமூணு, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட இது ‘வைட்டமின்’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. பெற்றோருக்குத் தெரியாது. திட்டத்துக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது? தசையில் புரதம் சேரும் வேகத்தைக் கூட்டுகிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பு சீக்கிரம் தேறுகிறது. பலன் உண்மைதான். விலையும் உண்மை. வாயால் விழுங்கும் ஸ்டீராய்டு கல்லீரலில் அழிந்துவிடாதபடி அதன் வேதியமைப்பை மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றமே கல்லீரலைப் பதம் பார்க்கிறது, கட்டிகூட வரலாம். ரத்தத்தில் நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இதயத் தசை தடிக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஆணுக்கு விந்து உற்பத்தி குன்றும், பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும். பெண்ணின் குரல்வளை தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. இதோடு மன அழுத்தமும் சேரலாம்.

ரிக்கா ரைனிஷ் 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. சினைப்பையில் கட்டிகள் வந்து, பதின்வயது முடிவதற்குள் நீச்சலை விட்டார். குண்டு எறிதலில் 1986 ஐரோப்பிய சாம்பியனான ஹைடி கிரீகருக்கு 16 வயதில் மாத்திரை தொடங்கியது. 1997இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவர் ஆந்த்ரியாஸ் கிரீகராக வாழத் தொடங்கினார். பெண்ணாயிருந்தவர் ஆணாகிவிட்டாரே என்று பரிதாபப்பட இதில் ஒன்றுமில்லை. தன் பாலினம் எது என்பதைத் தானே கண்டு, தானே முடிவு செய்யும் உரிமையை மருந்து பறித்துவிட்டது என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு.

தெரியாமலா செய்தார்கள்? திட்டத்தின் தலைமை மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னர், ஸ்டாஸி உளவுத்துறைக்கு எழுதிய அறிக்கைகளில் இந்தப் பக்கவிளைவுகளைத் தானே குறித்திருக்கிறார். 1977இல் குண்டு எறியும் வீராங்கனை இலோனா ஸ்லூபியானெக் ஹெல்சிங்கி போட்டியில் பிடிபட்டார். அதற்குப்பின் மருந்தை நிறுத்தினார்களா? இல்லை. வெளிநாடு போகுமுன் கிரைஷா ஆய்வகத்தில் தாங்களே சோதித்து, உடம்பில் மருந்து மிச்சமிருந்தால் அவரை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். சோதனைக்கூடம் பதக்கத்தைக் காப்பாத்துச்சு, பிள்ளைகளைக் காப்பாத்தல.

சோசலிசம் பேசிய நாட்டை இப்படி அம்பலப்படுத்தினால் லாபம் முதலாளிய நாடுகளுக்குத்தானே என்று சில தோழர்கள் கேட்கலாம். மேற்கு ஜெர்மனியிலும் அரசுப் பணத்தில் ஊக்க மருந்து ஆராய்ச்சி நடந்ததை ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வு 2013இல் வெளிக்கொண்டுவந்தது. அங்கே ஏழுபோட்டி வீராங்கனை பிர்கிட் டிரெஸ்ஸல், ஏகப்பட்ட மருந்துகள் ஏற்றப்பட்ட உடம்போடு 1987இல் 26 வயதில் செத்துப்போனார். எந்தக் கொடியின் கீழ் விழுங்கினாலும் கல்லீரல் கெடும். மக்கள் பெயரால் ஆண்ட அரசு, மக்களின் பிள்ளைகளைச் சோதனை எலியாக்கியது என்றால் அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

உண்மை தானாக வெளிவரவில்லை. சுவர் விழுந்தபின் முன்னாள் வட்டெறி வீராங்கனை பிரிகிட்டே பெரெண்டோங்க்கும் அவர் கணவர், உயிரியல் விஞ்ஞானி வெர்னர் ஃபிராங்கேவும் ராணுவ மருத்துவக் கழகத்திலிருந்த ஆவணங்களை மீட்டு 1991இல் புத்தகமாக்கினார்கள். 2000இல் பெர்லின் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்களே வந்து சாட்சி சொன்னார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம் தண்டனை. இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்டன. ஒருநாள்கூட அவர்கள் சிறைக்குள் போகவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் இருநூறு பேருக்கும் குறைவானவர்களுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தலைக்குச் சுமார் 10,400 யூரோ கிடைத்தது. வாழ்நாள் நோய்க்கு அவ்வளவுதான் விலை.

கிழக்கு ஜெர்மனி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. 2008, 2012 ஒலிம்பிக்குகளில் சேமித்து வைத்த மாதிரிகளை 2016இல் புதிய முறையில் மறுபடி சோதித்தபோது பளுதூக்கும் வீரர்கள் பலரிடம் அதே டூரினபால் தென்பட்டது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, தடை செய்யப்பட்ட இதய மருந்து ஒன்றுக்காகச் சிக்கிய ரஷ்யாவின் பனிச்சறுக்கு நடனச் சிறுமி கமிலா வலியெவாவுக்கு வயது 15. 2024இல் நாலு வருடத் தடை என்று வந்த தீர்ப்பில் இருந்தது அந்தச் சிறுமியின் பெயர்.

வளர்ந்தவர்கள் தெரிந்தே விழுங்குவதும் உண்டு. அவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பயிற்சியாளர், மருத்துவர், சங்கம், அரசு என்று மேலே போகும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் மட்டுமே மாட்டும்வரை ஒழுங்கு விதிகள் எத்தனை வந்தாலும் மருந்து நிற்காது.

மைதானத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சத்து மாத்திரை’, ‘ஒரே மாசத்துல உடம்பு ஏறும்’ என்று யாராவது எதையாவது நீட்டினால் பெயரைக் கேளுங்கள், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர் கையிலிருந்து எதையும் வாங்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு ரிக்காவுக்கும் கிரீகருக்கும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.