மலைச் சடக்கும் பூட்டிய கேட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. முதல் நாள் மழையில் வெட்டுக் கெட்டுவிட்டபடியால், இரட்டைச் சம்பளம் பேசி அன்று வெட்டு வைத்திருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். ஸ்டோரில் பால் நிறுத்துக் கணக்கெழுதிக் கொண்டிருந்தோம். கேட்டுப் பக்கம் மணியோசை கேட்டது. எட்டிப் பார்த்தால் சைக்கிள்கள்! நாற்பதுக்குக் குறையாது. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஈப்போவிலிருந்து புறப்பட்டு மலைக்காட்டைச் சுற்றி வரும் உல்லாசப் பயணமாம். காவல்காரர் கேட்டை அகலத் திறந்து வைத்துச் சலாம் போட்டு நின்றார். நிர்வாகம் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தது.

அதே கேட்டில், அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பையனைத் தடுத்து நிறுத்தினார்கள். அவனும் சைக்கிளில் வந்தவன்தான். அவன் பாட்டி அந்தத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் பால் வெட்டியவர். இன்றும் பழைய லயத்தில்தான் குடியிருக்கிறார். உள்சடக்கு வழியே போனால் பள்ளிக்கூடம் பத்து நிமிஷம். இப்போது அவன் பெரிய சடக்கில், கல் ஏற்றி வரும் லோரிகளின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். காரணம் கேட்டதற்கு நோட்டீசுப் பலகையைக் காட்டினார்கள். "பாதுகாப்புக் காரணம்" என்று எழுதியிருக்கிறது.

பாதுகாப்பு! யாருக்குப் பாதுகாப்பு? யாரிடமிருந்து? முப்பத்தோரு வருஷம் விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போய் வந்தவளின் பேரனால் ஆபத்தாம். பெயர் ஊர் தெரியாத நாற்பது பேரால் ஆபத்தில்லையாம். இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் எழுதியது என்று கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கே விளங்கவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். அந்தச் சைக்கிள்காரர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. ஸ்டோர் ஓரம் நின்று தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தோம். ஒருவர் மரத்தில் கட்டியிருந்த மங்கைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு அழகான இடத்தில் வாழக் கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்றார். நாம் சிரித்துக்கொண்டோம். அவர் சைக்கிளின் விலையைப் பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் மெல்ல விசாரித்து வந்து சொன்னார். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர் ஒரு வருஷம் பட்டினி கிடந்தால் வாங்கலாம்! இருக்கட்டும். காசுள்ளவர் வாங்குகிறார். சண்டை அவரோடல்ல, கேட்டோடு.

பேராக்கின் மலைகளுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. தைப்பிங்கிலே மேக்ஸ்வெல் மலை, இப்போது புக்கிட் லாருட் என்கிறோமே, அதை வெள்ளைக்காரத் துரைமார் 1884இல் தங்களுக்குக் குளிர்வாசஸ்தலமாக ஏற்படுத்திக் கொண்டார்கள். மோட்டார்ச் சடக்குப் போட்டு முடிந்தது 1948இல்தான். அதுவரை எப்படி ஏறினார்கள்? நடந்து ஏறினார்கள், மட்டக் குதிரையில் ஏறினார்கள், முடியாதவர்கள் நாற்காலிப் பல்லக்கில் ஏறினார்கள். பல்லக்கென்றால் தானாக நடக்குமா? கூலிகள் தோளில் சுமந்தார்கள். மலைக்குப் போகும் உரிமை ஒருவனுக்கு, அவனைச் சுமக்கும் கடமை இன்னொருவனுக்கு!

அதே 1948இல், ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு, கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று வெட்டுக்குப் போகிறவரின் கட்டுச்சோற்றுக்கும் தடை. அந்நாளில் காட்டோரம் கால் வைத்தவன் கதி என்னவென்று நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பயம் முள்கம்பி போன பிறகும் போகவில்லை. மலைக்கும் நமக்கும் கூப்பிடு தூரம். ஆனால் தோட்டத்துக் கடைசி நிரைக்கு அப்பால், முனியாண்டி கோயிலைத் தாண்டி, நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? மெங்லம்பு பக்கத்துக் கிளேடாங் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேடாங்-சையோங் வனக்காப்பு நிலத்தைச் சேர்ந்தது, ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். உச்சியில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரங்கள் வரைக்கும் தார்ச் சடக்கு இருக்கிறது. விடிந்தால் ஈப்போக்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் ஏறுகிறார்கள். நம் கிளை அங்கத்தினர்களை விசாரித்துப் பார்த்தோம். பிறந்தது முதல் தினம் அந்த மலையைப் பார்த்தே வெட்டுக்குப் போனவர்களில் ஏறியவர் மூன்றே பேர். அதில் ஒருவர் கோபுர வேலைக்குச் சிமெண்டு சுமந்தவர்!

இந்த இடத்தில் நம் தோழர்களிலேயே சிலர் குறுக்கே வருவார்கள். சென்ற கிளைக் கூட்டத்திலும் வந்தார்கள். "சம்பளப் பேச்சு கிடக்கிறது, ஒழுகும் கூரை கிடக்கிறது, தோட்டமெல்லாம் செம்பனையாகி வெட்டுமரம் குறைந்துகொண்டே வருகிறது. இதில் சைக்கிள் சவாரியும் மலைக்காட்சியும் ஒரு கேடா? சங்கம் என்ன கேளிக்கை மன்றமா?" என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது.

அந்தத் தோழர் மேல் நமக்கு மதிப்புண்டு. ஆனால் அவர் பேச்சு முதலாளியின் பேச்சு என்று சொல்லத் துணிகிறோம். தொழிலாளிக்குச் சோறு போதும், கூரை போதும், மற்றதெல்லாம் அதிகப்படி என்பது யார் சொல்லிக் கொடுத்த பாடம்? 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் என்கிறது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது 2023 ஜனவரி முதல் தேதி. இரண்டு வருஷத்துக்குக் கீழ்ப்பட்டவருக்கு 8 நாள், ஐந்து வருஷத்துக்குக் கீழ்ப்பட்டவருக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு வருஷ லீவு. இவை யாரும் தாம்பாளத்தில் வைத்துத் தந்தவையா? ஓய்வு நாளை வாங்குவதற்குச் சண்டை போடலாம், அதை எங்கே போய்க் கழிப்பது என்று மட்டும் பேசக் கூடாதா? அப்படியானால் அந்த நாள் எங்கே போகிறது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. சனிக்கிழமை இரவுகளில் கடைத்தெருவில் பார்த்தால் தெரியும்.

மற்ற நாட்டுப் பாட்டாளிகள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரத்தில் 1894இல் கிளாரியன் என்ற சமதர்மப் பத்திரிகையின் வாசகர்கள் சேர்ந்து சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். ஓய்வு நாளில் சைக்கிளேறி நாட்டுப்புறம் போவார்கள், போகிற ஊரிலெல்லாம் பத்திரிகை கொடுப்பார்கள். கேளிக்கையும் கொள்கையும் ஒரே சைக்கிளில் போயின! 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் ஏறினார்கள். அது பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று அடைத்து வைத்த மலை. முன்னின்ற பென்னி ராத்மன், ரயிலடியில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஐந்து பேர் சிறை போனார்கள். அதே வட்டாரம் 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. பிரெஞ்சு நாட்டில் 1936 வேலைநிறுத்தங்களுக்குப் பின் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் வந்ததும், அதுவரை கடலையே காணாத தொழிலாளர் குடும்பங்கள் புருஷனும் பெண்சாதியும் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் கடற்கரைக்குப் புறப்பட்டன. அவர்களுக்கெல்லாம் சம்பளப் பிரச்சினை இல்லையா?

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுக்காட்டில் பாதிக்குமேல் உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் வண்டி என்றால் பின்னால் உட்காருவதுதான் அவர்களுக்கு விதித்தது. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்காரிகளும் ஆயிரமாயிரமாகச் சைக்கிளேறினார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் போக யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டாமென்றால் வீட்டில் பேச்சும் மாறத்தான் செய்யும்.

இனி நம் ஊர்ச் சடக்குக்கு வருவோம். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் மலைச் சடக்கு சைக்கிள்காரர்களிடையே பேர்பெற்றது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். நல்லது. ஆனால் அதே சடக்கில் அடிவாரத்துக் கற்சுரங்க லோரியும் வருகிறது, மேட்டிலிருந்து காய்கறி லோரியும் இறங்குகிறது. மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனியிடம் வேண்டும் என்று பட்டணத்துக்காரர் கேட்டால் அது சுற்றுலா வளர்ச்சி என்று பேசுகிறார்கள். அடிவாரத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் மிதிப்பவர் அதையே கேட்டால் யார் காதில் விழுகிறது? நாம் சொல்கிறோம், இரண்டும் ஒரே கோரிக்கை. அந்த நாற்பது பேரும் நம் பக்கம் நின்று கையெழுத்துப் போட வேண்டியவர்கள். அன்று தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களில் இரண்டு பேர் தொலைபேசி எண் கொடுத்துப் போயிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கப் போகிறோம்.

வனத்துறை சும்மா விடுமா, கூட்டம் கூடினால் காடு கெடாதா என்றும் ஒரு தோழர் கேட்டார். கேள்வி நியாயம். ஆனால் நம் ஆறுகளுக்குத் தண்ணீர் தரும் அந்தக் காட்டைச் சைக்கிள் சக்கரம் அழிக்கவில்லை. மலையைக் கல்லாக உடைத்து லோரியில் ஏற்றுகிறார்களே, அங்கே போய்க் கேட்கட்டும். சடக்கை விட்டு இறங்காமல், குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து, நேரத்தோடு இறங்கினால் போதும்.

வருகிற கிளைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வைக்கிறோம். ஒன்று, லயத்தில் குடியிருப்போரும் அவர்கள் பிள்ளைகளும் உள்சடக்கில் தடையின்றிப் போய்வர கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். நிர்வாகம் மறுத்தால் அந்த நோட்டீசுப் பலகையின் நகலையும், நாற்பது பேருக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலையும் சேர்த்துத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புவோம். இரண்டும் நம் கையால் டைப் அடித்தவைதான்! கிராணிமார் துரையின் ஆட்கள் என்று இன்னும் சொல்லும் தோழர்கள் இதைக் கவனிப்பார்களாக. இரண்டாவது, சம்பளம் போட்ட மறு ஞாயிறு கிளை அங்கத்தினரும் குடும்பத்தாரும் கிளேடாங் ஏறுவது. முடிந்தவர் சைக்கிளில் வரலாம், முடியாதவர் நடந்து வரலாம், ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. அந்தப் பையன் வருகிறான். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதானாம், அங்கிருந்து தம் பழைய நிரை தெரிகிறதா என்பது. நம் கிளையில் காற்றடிக்கும் பம்பு ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும்.