தேசாதிபதிகளும் ஜனாதிபதிகளும்

இந்தியாவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் "எந்த மாநில ஆளுநரை இம்முறை நிறுத்துவார்கள்?" என்ற பேச்சு எழுகின்றது. அபேட்சகர் ஆளுநர் மாளிகையிலிருந்து வருவதை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. ஸாகிர் ஹுசேன் பீகாரின் ஆளுநராயிருந்தவர். சங்கர் தயாள் சர்மா மூன்று மாநிலங்களை ஆண்டு பார்த்தவர். பிரதிபா பாட்டீல் 2007இல் ராஜஸ்தான் ஆளுநர் மாளிகையிலிருந்தும், ராம்நாத் கோவிந்த் 2017இல் பீகார் ஆளுநர் மாளிகையிலிருந்தும் நேரே புறப்பட்டு வந்தார்கள். ஜார்கண்டில் ஆறாண்டுகள் ஆளுநராயிருந்த திரௌபதி முர்மு 2022இல் அப்பீடத்தில் அமர்ந்தார்.

இவ்வழக்கத்தைப் போற்றுவோர் நிர்வாக அனுபவம் என்பார்கள், கட்சிக்கு அப்பாற்பட்ட கண்ணியம் என்பார்கள். அபேட்சகர் எளிய குடியிற் பிறந்தவராயின், ஒடுக்கப்பட்டோரே அரியணை ஏறிவிட்டதாக ஆனந்தக் கண்ணீரும் வடிப்பார்கள். இவற்றை நாம் ஏற்பதற்கில்லை.

தோட்டத்தில் வாழும் நமக்கு இதை விளக்கப் பெரிய அரசியல் நூல்கள் தேவையில்லை. கங்காணி என்பவர் யார்? துரை வைத்த ஆள். தோட்டக் கமிட்டித் தலைவர் யார்? தொழிலாளர் தேர்ந்த ஆள். இருவரும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்களாக இருக்கலாம். ஆயினும் பெரட்டில் ஒரு தகராறு வந்தால் எவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டியவர் என்பது குழந்தைக்கும் தெரியும். இந்திய ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அதாவது, நடைமுறையில் மத்திய மந்திரிசபை. அவரது பதவி மேலிடத்தின் விருப்பம் உள்ளவரைதான். ஐந்தாறு ஆண்டுகள் மேலிடத்தின் மனம் கோணாமல் இருக்கப் பழகிய ஒருவரையே நாட்டின் முதற்குடிமகனாக நிறுத்துகிறார்கள். அவரைத் தேர்வதும் பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்கள்தான், பொதுமக்கள் அல்லர். நேற்று நியமிக்கப்பட்டவர் இன்று நியமிப்பவராகிறார். இந்த வட்டத்துக்குள் ஜனங்கள் எந்த இடத்தில் நுழைகிறார்கள்?

உடப்புசல்லாவைத் தேயிலைத் தூரின் அடியில் நிற்பவனுக்கு டில்லி மாளிகையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் வி. வி. கிரியின் வாழ்க்கையைப் படித்துப் பார்க்கட்டும்.

கிரி ரயில்வேத் தொழிலாளரிடையே உழைத்து, அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர். 1947 முதல் 1951 வரை கொழும்பில் இந்திய ஹைகமிஷனராக இருந்தவரும் அவரே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியதும், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் நமது வாக்கைப் பறித்ததும் அவர் கண்முன்னே நிகழ்ந்தவை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952இல் அந்த வரிசை வெறுமையாயிற்று. பின்னர் கிரி தாயகம் சென்று நேருவின் தொழில் மந்திரியானார். 1954இல் வங்கி ஊழியருக்குச் சாதகமான தீர்ப்பை அரசு வெட்டிக் குறைத்தபோது பதவியைத் தூக்கியெறிந்து வெளியேறினார். அந்த மனிதரை நாம் வணங்குகிறோம்.

அதன்பின் வந்தன ஆளுநர் மாளிகைகள்: உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று பத்தாண்டுகள். 1967இல் உபஜனாதிபதி, 1969இல் ஜனாதிபதி. 1974 ஜனவரியில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மீதம் விடப்பட்ட ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்கு எழுபத்தைந்தாயிரம் என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. கொழுந்தை நிறுத்துப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரையேனும் கேட்டார்களா? நமது 1948ஐ நேரில் கண்டவர் அப்போது டில்லியின் ஜனாதிபதி. அதே ஆண்டு மே மாதம் ரயில்வேத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆயிரமாயிரமாய்த் தொழிலாளர் சிறையில் அடைக்கப்பட்டனர். இருபது நாட்களில் போராட்டம் நசுக்கப்பட்டது. அவர் வளர்த்த சம்மேளனம் அடிபட்டுக் கிடக்க, அடித்த அரசாங்கத்தின் தலைமைப் பெயர் அவருடையதாக இருந்தது. கிரியின் நெஞ்சு கல்லாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மந்திரியாக இருந்து ராஜினாமாச் செய்தவரின் கையில், மாளிகைக்குப் போனபின் கையொப்பமிடும் பேனாதான் மிஞ்சியது என்கிறோம்.

முர்மு அம்மையாரின் விஷயத்தில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017இல் பழங்குடியினரின் நிலப் பாதுகாப்பைத் தளர்த்தும் வகையில் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்களைத் திருத்த முனைந்த மசோதாக்களை, ஆளுநராயிருந்த அவர் ஒப்பமிடாமல் திருப்பியனுப்பினார். நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே ஜார்கண்டின் பழங்குடி மக்கள் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் பிறந்த சந்தால் இனத்தவர் பலர், நமது பாட்டன்மார் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டது போலவே, சென்ற நூற்றாண்டுகளில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள். ஜார்கண்டில் பழங்குடி என்று சட்டம் ஒப்பும் அதே சந்தால், அஸ்ஸாம் தோட்டத்தில் அப்பட்டியலுக்கு வெளியே நின்றான். 2022இல் சந்தால் பெண்மணி ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாளிலும் அவன் அங்கேதான் நின்றான்.

நானுஓயாவிலிருந்து புறப்பட்ட சிறு கோச்சிக்கு 'உடப்புசல்லாவை ரயில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்தான் நமது ஊருடையது. வண்டி இராகலையோடு நின்றுவிட்டது. 1948இல் அப்பாதையையும் மூடிவிட்டார்கள்.

இனி நமது இலங்கைக்கு வருவோம். பிரிட்டிஷ் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கண்ணொறுவையில் தாமே கோப்பித் தோட்டம் போட்டவர். ஆளுபவரும் தோட்டத்துரையும் ஒரே ஆளாயிருந்த காலம் அது. சுதந்திரத்தின்பின் மகாதேசாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ 1972 மே 22இல் ஜனாதிபதியானார்; அதற்கு ஒரு வாக்குச்சீட்டும் அச்சிடப்படவில்லை. 1988இல் வடமேல் மாகாண ஆளுநராகச் சில மாதங்கள் இருந்த டி. பி. விஜேதுங்க, பிரேமதாசவின் கொலைக்குப்பின் 1993இல் பாராளுமன்றத்தால் ஜனாதிபதியாக்கப்பட்டார். பெரும்பான்மையினர் மரம், சிறுபான்மையினர் அதைப் பற்றிப் படரும் கொடி என்ற உவமையால் அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மாறாக, சந்திரிகா குமாரதுங்க 1993இல் மேல் மாகாணத்தில் தேர்தலில் நின்று முதலமைச்சராகி, மறு ஆண்டு மக்களிடமே சென்று ஜனாதிபதிப் பதவியைப் பெற்றார். அவரது ஆட்சி பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனங்கள் உண்டு. எனினும் "நீ சொன்னது என்ன, செய்தது என்ன?" என்று அவரைக் கேட்கும் உரிமை வாக்களித்தவனுக்கு இருந்தது. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நியூயோர்க் ஆளுநர் பதவியிலிருந்து ஜனாதிபதியானதைச் சிலர் உதாரணம் காட்டுவர். அங்கே ஆளுநரையும் ஜனங்களே தேர்கிறார்கள். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

2023 மே மாதம் செந்தில் தொண்டமான் கிழக்கு மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டபோது மலையகத்தில் பட்டாசு கொளுத்தும் மனநிலை சிலருக்கு இருந்தது. நம்மவர் ஒருவர் ஆளுநராகிவிட்டார், இனி ஜனாதிபதி நாற்காலியும் எட்டாத தூரமல்ல என்று கனவு காண்பதில் தவறென்ன என்றார்கள். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதி மாறினார். அதே மாதத்தில் கிழக்கிற்கு வேறு ஆளுநர் வந்துவிட்டார். இதில் அவரைக் குறைகூற ஏதுமில்லை. நாற்காலியின் இயல்பே அது.

நமது மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அச்சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினரும் இன்றி, கொழும்பு நியமித்த ஆளுநர்களே மாகாணத்தை நடத்தினர். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லையென்றால், மாகாண வீதி உடைந்து கிடந்தால், உடப்புசல்லாவைத் தகப்பன் யாரிடம் போய் முறையிடுவான்? ஆளுநர்களில் எவர் நாளை ஜனாதிபதியாகத் தக்கவர் என்று ஆராய்ச்சி செய்யும் நண்பர்கள், அந்தப் பொழுதை மாகாண சபைத் தேர்தலைக் கேட்டு ஒரு மனு எழுதுவதில் செலவிடட்டும். கையொப்பம் சேர்க்க நாம் லயம் லயமாக வருகிறோம்.